நாலாவது பாட்டு காப்பி

"4வது பாட்டு - காப்பி - 3."

சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் மேஜையில், நூறு பொத்தான்கள் வரிசை கட்டி நிற்கும் மிக்ஸர் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து. கீழே கையெழுத்து கிடையாது. பாடகர் அதை முதல் தடவை நின்றபடி படித்தார். இரண்டாம் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்றாம் தடவை படித்து முடித்தபோது அவருடைய காது மடல் இரண்டும் சுட்டன.

காப்பியா? யாருடைய பாட்டு காப்பி? அவருடைய பாட்டா? அதுவும் மூன்று இடத்திலா?

அவரை எல்லோரும் கர்ஜனை என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷமாக 'தீக்குச்சி' என்ற ராக் குழுவில் பாடுகிறவர், கிதார் வாசிக்கிறவர், பாட்டு எழுதுகிறவர், மெட்டுப் போடுகிறவர், பேட்டி கொடுக்கிறவர் எல்லாம் அவரே. குழுவில் மற்ற இரண்டு பேருக்கு வாசிக்கிற வேலை மட்டும் மிச்சம். அவர்கள் வாசிப்பது சாதாரண ராக்கும் அல்ல, மாற்று ராக். எதற்கு மாற்று என்று கேட்டால் கர்ஜனைக்குக் கோபம் வரும். கேட்காவிட்டாலும் வரும். கோபம்தான் அவருக்குத் தொழில்.

இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொரு குழு அவர் மெட்டிலிருந்து எட்டு விநாடியைச் சுட்டுத் தன் பாட்டில் போட்டுக்கொண்டது. கர்ஜனை வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பத்திரிகைக்காரரை உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "காப்பியடிக்கிறவன் கலைஞனே இல்ல. என் பாட்டுல ஒரு வரி, ஒரே ஒரு வரி, வேற எங்கேயிருந்தோ எடுத்ததுன்னு எவனாவது காட்டட்டும். அன்னிக்கே கிதாரைக் கீழ வச்சுடறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்."

அந்தப் பேட்டியைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். தூசி படிய விடமாட்டார்.

இப்போது ஒன்பது வருஷம் கழித்து வருகிற பத்தாவது ஆல்பம் இது. பெயர் 'இன்னும் அடங்கவில்லை'. போன ஆல்பத்தைப் பற்றி ஒரு விமர்சகர் 'களைத்துப்போன குரல்' என்று எழுதிவிட்டதால் ஒன்பது வருஷம் அவர் ஸ்டுடியோ பக்கமே வரவில்லை. இந்தத் தடவை மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள்: இது எடுபட்டால் தீக்குச்சி எரியும், இல்லாவிட்டால் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது. எடுபடும் என்று நம்ப ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது நாலாவது பாட்டு. பாட்டின் பெயரே 'யாரும் பாடாதது'.

அந்த மெட்டு வந்த கதையை அவர் இதுவரை முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. உடைந்த ஸ்பீக்கர், பழைய போஸ்டர் கட்டு, வாஷிங் மெஷின், ஒரு கால் ஆடுகிற நாற்காலி என்று வேண்டியது வேண்டாதது எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நாற்காலியில் கிதாரோடு உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தபோது, மெட்டு முழுசாக, ஆரம்பம் முடிவோடு, எங்கிருந்தோ வந்து காதில் இறங்கியது. "நான் போடலை. அதுவா வந்துச்சு" என்பார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

அதைப் போய்க் காப்பி என்று எவனோ எழுதியிருக்கிறான்!

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கர்ஜனை சட்டென்று சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தச் சொல் வாய்க்கு வாய் பரவிவிடும். எழுதினவனைத் தானே பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்தார்.

இன்ஜினியர் உள்ளே வந்தார். கர்ஜனை சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டார், "நாலாவது பாட்டைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"பிரமாதம் சார். ஒரு தடவைதான் கேட்டேன், மனசுல ஒட்டிக்கிச்சு. ரொம்ப நாள் பழகின பாட்டு மாதிரி இருக்கு."

"பழகினதா? எங்க பழகினது?"

"எங்கன்னா... சும்மா சொன்னேன் சார்."

சும்மாவா! கர்ஜனை அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து, கழுத்தில் மப்ளரும் தோளில் பேஸ் கிதாருமாகச் சாமியார் வந்தார். எதற்கும் அசையமாட்டார் என்பதால் கல்லூரியிலேயே வைத்த பெயர். கடைசியாக டிரம்ஸ்காரர் வந்தார். அவர் பெயர் இடி. ஐம்பத்தாறு வயது, வலது மணிக்கட்டில் பட்டை, வாய்க்கு மட்டும் பட்டை இல்லை.

"நாலாவது பாட்டு எப்படிடா இருக்கு?" என்று இரண்டு பேரையும் கேட்டார் கர்ஜனை.

சாமியார் கண்ணை மூடி யோசித்தார். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு. அதான் நல்லா இருக்கு."

"என் பொண்டாட்டிகூட நேத்து அதைத்தான் முணுமுணுத்துட்டு இருந்தா" என்றார் இடி. "நான் அவளுக்குப் போட்டே காட்டலை. எங்க கேட்டான்னு தெரியலை."

கர்ஜனை விரல் விட்டு எண்ணினார். மூன்று பேர்! சீட்டில் மூன்று என்று இருந்ததே!

அந்த ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடக்கும்போது கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் யாரும் உள்ளே வரக் கூடாது. கர்ஜனையின் பழக்கம், ஆல்பம் முழுவதையும் ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாக, நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்வது. போன வாரம் அவர் உச்சக்குரலில் ஒரு கத்தல் கத்திக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்துக் கேன்டீன்கார அம்மா தட்டோடு கதவைத் திறந்துவிட்டார். கர்ஜனை அதே சுருதியில் அவர் பக்கம் திரும்பினார். தட்டில் இருந்த டம்ளர்கள் நடுங்கின. அன்றிலிருந்து அந்த அம்மா சிவப்பு விளக்கைக் கண்டால் படியிறங்கிப் போய்விடுகிறார். கர்ஜனைக்கு அதில் நஷ்டம் இல்லை. தொண்டைக்காக அவர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருகிற வெந்நீரைத் தவிர எதையும் குடிப்பதில்லை.

அன்று பத்துப் பாட்டும் முடிகிற வரை சிவப்பு விளக்கு அணையவில்லை. இடிக்கு எதுவும் குடிக்கக் கிடைக்காததால் எட்டாவது பாட்டில் டிரம்ஸைப் பகையாளியை அடிப்பது போல் அடித்தார்.

சாயங்காலம் கர்ஜனை வீட்டுக்குப் போனபோது மனைவி சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். சிவப்புப் பென்சிலால் ஒரு தாளின் மேல் பெரிதாக 'காப்பி' என்று எழுதினார்.

"என்ன எழுதினே?" என்றார் கர்ஜனை, குரல் கம்ம.

"ரெண்டு பசங்க ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க. பதினேழை எழுபத்தொண்ணுன்னு போட்டு ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பா வகுத்திருக்காங்க. பார்த்தாலே தெரியுதே."

"பார்த்தாலே தெரியுமா?"

"எனக்குத் தெரியும். பண்ணினவனுக்குத்தான் தெரியாது. தானே போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திட்டு வந்து நிப்பான்."

கர்ஜனை கிதாரை எடுத்து, "இதைக் கேளு, உண்மையைச் சொல்லு" என்று நாலாவது பாட்டை ஆரம்பித்தார். மனைவி பென்சிலைக் கையில் வைத்தபடி தலையாட்டிக் கேட்டார். 'யாரும் போகாத வழி இது, யாரும் பாடாத மொழி இது' என்று பல்லவியின் கடைசி வரி வந்தது. மனைவி பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய்விட்டார்.

கர்ஜனை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் கழித்து மனைவி காலி வாளியோடு திரும்பி வந்தார்.

"நான் எதுக்குப் போனேன்?"

"அதை நான்தான் கேக்கணும்! புருஷன் உயிரைக் கொடுத்துப் பாடிட்டு இருக்கேன், நீ வாளியைத் தூக்கிட்டுப் போறே?"

"தெரியலைங்க. அந்த இடம் வந்ததும் எழுந்திருக்கணும் போல இருக்கு. கால் தானா போகுது."

"மூணு மாசமா இதையேதான் பண்றே! ஒரு தடவையாவது முழுசா கேட்டிருக்கியா?"

"வயசாகுதுங்க எனக்கு" என்று மனைவி சமாதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

கட்டினவளே காது கொடுக்கவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? மெட்டில்தான் கோளாறு என்று கர்ஜனைக்கு முதல் முறையாக ஒரு சந்தேகம் முளைத்தது. சந்தேகம் வந்ததற்காகவே அவருக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

மறுநாள் அவர் மெட்டைத் தலைகீழாக்கினார். மேலே ஏறின இடமெல்லாம் கீழே இறங்கியது, இறங்கின இடமெல்லாம் ஏறியது.

"ஏண்டா?" என்றார் இடி.

"மாற்று ராக். மாத்தறேன்."

சாமியார் விரல்களை இடம் மாற்றினார். பாட்டு, மாடிப்படியில் பின்பக்கமாக நடந்து இறங்குகிறவனைப் போலத் தட்டுத் தடுமாறி முடிவுக்கு வந்தது. ஆனாலும் கர்ஜனைக்கு நிம்மதி. இனி எவனும் வாயைத் திறக்க முடியாது.

அடுத்த நாள் காலையில் முதல் ஆளாக வந்து விளக்கைப் போட்டார். மிக்ஸர் மேல் புதுச் சீட்டு.

"இன்னைக்கும் காப்பிதானா?"

கர்ஜனைக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்ன திமிர்! என்ன நக்கல்! மெட்டை உரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் காப்பியாம்! அதுவும் 'தானா' வேறு! அந்தச் சீட்டும் சட்டைப் பைக்குப் போனது.

இடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். "இன்னிக்கும் காப்பி கிடையாதா?"

கர்ஜனை பாய்ந்தார். "கிடையாது! இன்னிக்கும் கிடையாது, என்னிக்கும் கிடையாது! முப்பத்தொரு வருஷமா கிடையாது!"

"முப்பத்தொரு வருஷமா குடிச்சுட்டுத்தானேடா இருக்கேன்" என்றார் இடி, ஒன்றும் புரியாமல்.

கர்ஜனை அவரையே உற்றுப் பார்த்தார். ஓகோ. குடிக்கிற காப்பியாம். இரண்டு அர்த்தத்தில் குத்துகிறான். மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது: சீட்டு எழுதுகிறவன் இவன்தான்!

"அந்தக் கேன்டீன் அம்மா வர்றதே இல்ல சார்" என்று இன்ஜினியர் இடையில் வந்தார். "நீங்க அன்னிக்குத் திட்டினதுல கோவிச்சுக்கிட்டாங்க போல. நான் அவங்ககிட்ட—"

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க! விளக்கைப் போடுங்க!"

சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று கர்ஜனை பாட்டை ஏழு அடித் தாளத்துக்கு மாற்றினார். உலகத்தில் எவனும் இப்படி ஒரு பாட்டுப் பாடியிருக்க முடியாது, பாடினால் உயிரோடு இருந்திருக்க முடியாது. இடி ஏழு அடித்து, ஆறு அடித்து, ஒரு தடவை ஒன்பதும் அடித்தார். மணிக்கட்டுப் பட்டை அவிழ்ந்து தொங்கியது.

"இது பாட்டு இல்லடா, பழிவாங்கறது" என்றார் இடி.

"யாரு யாரைப் பழிவாங்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் கர்ஜனை, பொடி வைத்து.

வியாழக்கிழமைச் சீட்டு கொஞ்சம் நீளம். "காப்பியே போதுமா? புதுசா ஏதாவது வேணுமா? யோசிச்சு சொல்லவும்."

கர்ஜனை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். புதுசா ஏதாவது! யாரைப் பார்த்து! யாரும் தொடாததை எல்லாம் தொட்டவரைப் பார்த்து! அந்த விமர்சகன்கூடக் 'களைத்துப்போன குரல்' என்றுதான் எழுதினான், திருட்டுக் குரல் என்று எழுதவில்லை. யோசிச்சு சொல்லவுமாம். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, உண்மையாக இருந்துவிட்டால்? முப்பத்தொரு வருஷமாகக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிற கிதாரைக் கீழே வைத்துவிட்டுக் கர்ஜனை என்ன செய்வார்? கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வார்? பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

யோசித்தார். மதியம் மற்றவர்கள் உள்ளேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபோது, விளக்கை அணைக்க விடாமல், மாடிப்படியில் உட்கார்ந்து பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு அடியோடு புது மெட்டுப் போட்டார். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. தங்கு தடையில்லாமல் கொட்டியது. பெருமையோடு வாசித்துக் காட்டினார்.

இடியும் சாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன?"

சாமியார் அந்த வாரத்திலேயே மிக நீளமான வாக்கியத்தைப் பேசினார். "இது நம்ம ரெண்டாவது ஆல்பத்துல மூணாவது பாட்டு."

வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாயங்காலம் ஆல்பத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒன்பது பாட்டு தயார். நாலாவது பாட்டு நாலு ரூபத்தில் இருந்தது, ஒன்றும் உருப்படியில்லை. மிக்ஸர் மேல் கடைசிச் சீட்டு காத்திருந்தது.

"ஆறின காப்பியைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணித் தர முடியாது."

கர்ஜனைக்குக் கண் இருண்டது. நேற்றுத் தன் பழைய பாட்டையே தெரியாமல் திரும்பப் போட்டதை எப்படிக் கச்சிதமாகச் சொல்லிவிட்டான்! திட்டுகிற திட்டில் உவமை வேறு!

மூன்று பேரும் வந்து சேர்கிற வரை பொறுத்தார். பிறகு ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தார்.

"எழுதுங்க. எல்லாரும் எழுதுங்க. 'காப்பி'ன்னு எழுதுங்க. கையெழுத்து எவனுதுன்னு நான் பார்க்கணும்."

கடைசி வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை. நாலு நாள் தாகம். இன்ஜினியர் முகம் மலர்ந்து எழுதி நீட்டினார்: 'காப்பி 1, சர்க்கரை கம்மி.' இடி எழுதினார்: 'காபி, பெரிய டம்ளர்.'

"'ப்' எங்க? நடுவுல 'ப்' எங்கடா? கையெழுத்துத் தெரியக் கூடாதுன்னு மாத்தி எழுதறியா?"

"எனக்கு எப்பவும் ஒரு 'பி'தான்டா" என்றார் இடி.

சாமியார் தாளை நீட்டினார். அதில் 'டீ' என்று இருந்தது.

"உன்னை என்ன எழுதச் சொன்னேன்?"

"காப்பிதான் வரமாட்டேங்குதே. டீயாவது வருமான்னு பார்த்தேன்."

கர்ஜனை சட்டைப் பையிலிருந்து நாலு சீட்டையும் எடுத்து மேஜையில் அறைந்தார். "போதும்டா நடிச்சது! நாலு நாளா என்னை உயிரோட கொளுத்தறீங்க! என் பாட்டு காப்பியா? என் மெட்டு காப்பியா? சொல்லணும்னா முகத்துக்கு நேரா சொல்லு! நீதானே எழுதினே?"

இடி சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். படித்ததும் அவற்றை மேஜையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்.

"முப்பத்தொரு வருஷமா உன் முதுகைப் பார்த்துட்டு வாசிக்கறேன்" என்றார். "நீ சுருதி தப்பினப்ப சொன்னேன். உன் தலைமுடிக்கு நீலச் சாயம் பூசினப்ப நல்லா இல்லன்னு சொன்னேன். உன் கல்யாணத்துல உன் மாமனார் முன்னாடியே நீ பாடினது சரியில்லன்னு சொன்னேன். நான் என்னிக்குடா உன் முதுகுக்குப் பின்னாடி பேசினேன்? சீட்டு எழுதி ஒட்டற ஆளா நான்?"

டிரம்ஸ் குச்சிகளை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் கர்ஜனையின் நெஞ்சில் கீறியது. 'போகாதேடா' என்று சொல்ல வாயெடுத்தார். வாயில் கோபத்தைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. தட்டில் மூன்று டம்ளர் ஆவி பறக்க, கேன்டீன்கார அம்மா உள்ளே வந்தார்.

"அப்பாடா! இன்னைக்குத்தான் அந்தச் சிவப்பு விளக்கு எரியலை. நாலு நாளா படியேறிப் படியேறி இறங்கறேன், என் முட்டி போச்சு." தட்டை மேஜையில் வைக்கப் போனவர் நின்றார். "அட, காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி நான் ஒட்டின சீட்டெல்லாம் இங்கேயா இருக்கு? பார்த்துட்டும் ஒருத்தரும் பதில் சொல்லலையே?"

கர்ஜனை சீட்டுகளையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க... சீட்டா?" என்றார் கர்ஜனை.

"ஆமாங்க. கதவைத் திறந்தாத்தான் நீங்க அடிக்காத குறையா கத்தறீங்களே. இன்ஜினியர் சார்தான் சொன்னாரு, 'எந்தப் பாட்டு முடிஞ்சதும் கொண்டு வர்றீங்கன்னு எழுதி ஒட்டிடுங்க, நான் பார்த்துட்டு விளக்கை அணைக்கறேன்'னு. நாலாவது பாட்டு முடிஞ்சதும் காப்பி, மூணு பேருக்கு. நீங்கதான் வெந்நீர் ஆச்சே."

"அதைத்தான் சார் அன்னிக்குச் சொல்ல வந்தேன்" என்றார் இன்ஜினியர். "நீங்க அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னுட்டீங்க."

"புதுசா ஏதாவது வேணுமான்னு கேட்டது?" என்றார் கர்ஜனை, ஈனசுரத்தில்.

"பிஸ்கட் புதுசா வந்திருக்கு. அதான் கேட்டேன்."

முதலில் சிரித்தது சாமியார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு இன்ஜினியர். இடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்து பார்த்தார், முடியவில்லை, டம்ளரைக் கையில் வைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

மன்னிப்பு என்ற சொல்லைக் கர்ஜனை பாட்டில்கூடப் பயன்படுத்தியது கிடையாது. அன்றைக்கும் பயன்படுத்தவில்லை. இடியின் பையைத் திறந்து குச்சிகளை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். இடி வாங்கிக்கொண்டார். அதோடு அது முடிந்தது.

"பழைய மெட்டு!" என்று கர்ஜனை முழங்கினார். நாலு நாளில் குனிந்த முதுகு நிமிர்ந்துவிட்டது. "முதல்ல வந்த மெட்டு! எனக்குன்னு வந்த மெட்டு! ஒரே டேக்ல முடிக்கறோம். அம்மா, நீங்களும் உட்காருங்க. நான் அன்னிக்குக் கத்தினது தப்பு. இந்தப் பாட்டை முதல்ல கேக்கறது நீங்களா இருக்கட்டும்." பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாரும் சாட்சி. இருபது வருஷத்துக்கு முன்னாடி சொன்னதை இப்பவும் சொல்றேன். இதுல ஒரு வரி காப்பின்னு எவனாவது காட்டட்டும், இந்தக் கிதாரை இதே இடத்துல கீழ வச்சுட்டுப் போயிடறேன்."

கேன்டீன்கார அம்மா இன்ஜினியர் பக்கத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்றைக்கு வாசித்தது போல் தீக்குச்சி அதற்கு முன் வாசித்ததில்லை. இடிக்கு மணிக்கட்டு வலிக்கவில்லை. சாமியாரின் பேஸ் தரையிலிருந்து கால் வழியாக ஏறியது. கர்ஜனையின் குரல் களைக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. இருபத்தைந்து வயதில் பாடியது போல் பாடினார். 'யாரும் போகாத வழி இது, யாரும் பாடாத மொழி இது' என்று கடைசி வரியைத் தொட்டபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கேன்டீன்கார அம்மா இருந்த இடத்திலிருந்து பாதி எழுந்து, ஏதோ யோசித்து, மறுபடி உட்கார்ந்தார். கர்ஜனைக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டைக் கேட்டு எழுந்து நிற்கிறார்கள்! ஒன்பது வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்!

கடைசிச் சுரம் அடங்கியது. விளக்கு அணைந்தது. இன்ஜினியர் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார். கர்ஜனை கிதாரைக் கழற்றாமல், வியர்வையைக்கூடத் துடைக்காமல் கண்ணாடி அறைக்கு ஓடினார்.

"எப்படிம்மா இருக்கு? எனக்காகச் சொல்ல வேண்டாம். மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க."

அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"ரொம்ப நல்லா இருக்குங்க. எங்க வீட்டு வாஷிங் மெஷினும் துணி துவைச்சு முடிச்சதும் அப்படியே இதைத்தான் பாடும்."